அரை ஷிப்டில் கறுப்புத் துணி

திருப்பூரில் ஒரு நாள் வேலை என்றால் ஒன்றரை ஷிப்ட். காலையில் உட்கார்ந்து சாயங்கால டீ வரைக்கும் தைத்தால் ஒரு ஷிப்ட். டீ குடித்துவிட்டு வந்து, வெளியே இருட்டிய பிறகும் தைப்பது அரை ஷிப்ட். ஒரு ஷிப்டோடு எழுந்து போகிறவளை யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் தையல் லைனில் அவளுக்கு சீட் இருக்காது. நடுவில் ஒருத்தி எழுந்துவிட்டால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத் துணி வராது, லைனே நின்றுவிடும். வேலை நேரத்தைச் சோதிக்க வெளிநாட்டு ஆடிட்டர் வருகிற நாளில் மட்டும் அரை ஷிப்ட் என்ற ஒன்றை இந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

என் அக்கா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். டீ-சர்ட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விலாவில் வைத்து மூட்டுவது அவள் வேலை. அதே கம்பெனியின் மாடியில், ஏ.சி. அறையில், கம்ப்யூட்டர் பார்த்தவள் நான். கீழே அவள் பஞ்சுத்தூசியில் உட்கார்ந்திருப்பாள், மேலே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டுவாள்.

எம்.சி.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி என்று கொஞ்ச காலம் அலைந்தவள் நான். பெரிய தகவல் குவியலுக்குள் எதெது சேர்ந்து சேர்ந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது, அதையும் ஒரே கம்ப்யூட்டரிடம் விடாமல் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து ஒரே நேரத்தில் கண்டுபிடிப்பது, இதுதான் என் ஆராய்ச்சி. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் பிடித்து, "அதுல என்னத்தக் கண்டுபுடிச்சே?" என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். யாருக்குமே தெரியாத ஒன்றை ஒரு நாள் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அந்த நாள் வந்தது, மின்வெட்டு ஆரம்பித்திருந்த வருடங்களில். கம்பெனி பல மாதங்களுக்கு முன்னால் அனுப்பிய கறுப்பு டீ-சர்ட்டுகளில் சிலவற்றில் விலாத் தையல் விட்டிருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. ஒரு பெட்டிக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் புகார் நிற்கவில்லை. முதலாளியின் மகன், நாங்கள் 'சின்னவர்' என்று கூப்பிடுகிறவர், மாடிக்கு வந்தார். செக்கிங் மேசைக்கு வருகிற ஒவ்வொரு பண்டல் துணிக்கும், தைத்தவரின் டோக்கன் எண், மிஷின், நூல் வந்த லாட், நிறம், ஷிப்ட், பழுது இருந்தால் என்ன பழுது என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் வழக்கம். ஏற்றுவோமே தவிர யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"இத்தன வருச டேட்டாவ வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கறமுங்க. இதுல ஏதாச்சும் பண்ண முடியுமுங்களா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் எடுத்துக்கொண்டேன். அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங், சம்பளப் பிரிவு, எதையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் சில மாதங்களின் தகவலைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் தன் பங்குக்குள் எதெது சேர்ந்து வருகிறது என்று எண்ண வேண்டும்: இந்த நிறத்தோடு இந்தப் பழுது, இந்த டோக்கனோடு இந்த மிஷின், இப்படி. கடைசியில் எல்லாவற்றின் எண்ணிக்கையையும் ஒரே இடத்தில் கூட்ட வேண்டும். வேலை இவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்யும்போது நெட்வொர்க் உயிரை வாங்கும்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சின்னவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெறைய வர்றத மட்டும் சொல்லட்டுமே. சின்னச் சின்னதையெல்லாம் அங்கயே தூக்கிப் போட்டுட்டா சீக்கிரம் முடிஞ்சிருமில்லீங்க?"

"இல்லீங்க. மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமா வர்றது தனியாப் பாத்தா தூக்கிப் போடற மாதிரித்தான் இருக்கும். கூட்டுனாத்தான் அதோட அளவு தெரியும். கூட்டறதுக்கு முன்னால எதையும் வீசக் கூடாதுங்க."

பேராசிரியர் தோரணையில் சொன்னேன். அவரும் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் விடை வந்தது. முக்கால்வாசி எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்: இந்த லாட் நூல் அறும், அந்த மிஷின் எண்ணெய் கக்கும். அவற்றுக்கு நடுவில் ஒரு வரி தனியாக நின்றது. ஒரு டோக்கன் எண், அடர் நிறம், அரை ஷிப்ட். இந்த மூன்றும் சேர்ந்தால் தையல் விட்டுப்போகிறது. அதே டோக்கன் பகலில் கறுப்பைத் தைத்தால் பழுதில்லை. அரை ஷிப்டில் வெள்ளையைத் தைத்தாலும் பழுதில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பங்கிலும் கண்ணில் படாத அளவுக்குக் கொஞ்சம். சின்னவர் சொன்னபடி செய்திருந்தால் அது வெளியே வந்தே இருக்காது.

"யாரு டோக்கனுங்க இது?" என்றார்.

எனக்குத் தேடிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தினமும் அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்த எண் அது. ஒரு நிமிடம் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னாலும் அடுத்த நிமிடமே சம்பளப் பிரிவில் பார்த்துவிடுவார்.

"எங்க அக்காவோடதுங்க."

சின்னவர் கெட்டவர் இல்லை. "மிஷின்ல கோளாறா, ஆளுல கோளாறான்னு ஒரு வாரத்துல பாத்துச் சொல்லுங்க. மிஷின்னா மாத்திரலாமுங்க" என்றார். ஆள் என்றால் என்ன செய்வார் என்று சொல்லவில்லை. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

மிஷினில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். அக்கா லீவு போட்ட நாட்களில் அந்த மிஷினில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அரை ஷிப்ட், கறுப்புத் துணி, அதே மிஷின், ஒரு தையல்கூட விடவில்லை. மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

கடைசிச் சில மாதங்களை எடுத்தபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் டோக்கனில் பழுதே இல்லை. சரியாகிவிட்டது, கைத்தவறுதலாக இருந்திருக்கும், சமாளித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். அந்த மாதங்களில் அரை ஷிப்டில் அவள் அடர் நிறத் துணியே தைக்கவில்லை. கம்பெனி முழுக்கக் கறுப்பும் நேவியும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு மட்டும் எப்படி வெள்ளையாகவே அமைந்தது?

மறுநாள் கீழே இறங்கிப் போய் லைன் சூப்பர்வைசரைக் கேட்டேன். தென்காசிப் பக்கத்துக்காரர்.

"என்ன தாயி, உங்களுக்குத் தெரியாதா? உங்க அக்கா வேண்டுதல்லா வச்சிருக்காக. பொழுது சாஞ்சா கறுப்பு, நேவி எதையும் தொட மாட்டாகளாம். சாமி காரியம், நாம எதுக்குக் குறுக்க நிக்கணும்? வெள்ளை பண்டலா பாத்துக் குடுத்துருதேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. எங்கள் குலதெய்வம் கருப்பராயன். கறுப்பு வேட்டி கட்டிக் கிடா வெட்டிக் கும்பிடுகிற சாமி. அந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டில் எவளாவது கறுப்பைத் தொட மாட்டேன் என்று வேண்டிக்கொள்வாளா? தென்காசிக்காரருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அக்காவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அவரிடம் போய் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் ஏன் என்று மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தலையோடு தலை சேர்த்து வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

"ஏங்க்கா, நம்ம சாமி யாருங்க்கா?"

"ஏன், கம்ப்யூட்டரு அதையும் மறக்கடிச்சிருச்சா? கருப்பராயன்."

"அவருகிட்டப் போயா கறுப்பத் தொட மாட்டேன்னு வேண்டிக்கிட்டீங்க?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. யார் சொன்னது என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஊருல இருக்கற துணியையெல்லாம் எண்ணி, கடசீல என்னையவா புடிச்சே?"

பிறகு அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "பொழுது போனாத் தெரியறதில்ல கண்ணு. லைட்டு எரிஞ்சாலும் கறுப்புல கறுப்பு நூலு ஓடறது தெரியறதில்ல. ஜெனரேட்டரு ஓடறப்ப பாதி லைட்டுத்தான போடறாங்க, அப்பச் சுத்தமாத் தெரியாது. வெரல்ல தடவித் தடவித்தான் ஓட்டிட்டிருந்தேன். எங்கியாச்சும் ஒண்ணு விட்டுப் போயிரும், அதான் வேண்டுதலுன்னு சொல்லிட்டேன்."

"டாக்டர்கிட்டப் போகலாமில்லீங்க?"

"போயி? கண்ணு தெரியாத குடும்பமுன்னு பேராயிருச்சுன்னா நாளைக்கு எம் புள்ளைய எவன் கட்டுவான்? சீட்டும் போயிரும், பேரும் போயிரும்."

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். சீட்டு இப்போதே போகப் போகிறது, சின்னவர் ஒரு வாரம்தான் கொடுத்திருக்கிறார், என்ன நோய் என்றே தெரியாமல் அவரிடம் நான் எதைச் சொல்வது என்று கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் நான் கத்தியது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "வர்றேன். ஆனா எனக்கு என்னென்ன பாக்கறாங்களோ அத்தனையும் நீயும் பாக்கோணும். என்னைய மட்டும் நோயாளியாட்டக் கொண்டுபோயி உக்கார வெக்காத."

"எனக்கென்னுங்க்கா, நாள் பூரா கம்ப்யூட்டர் பாக்கற கண்ணு" என்றேன். அதெல்லாம் தெரியாது என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?" என்பதுதான். அம்மாவின் தாய்மாமன்தான் எங்கள் அப்பா. எங்கள் பக்கத்தில் அது ஒரு விசேஷமே இல்லை. கீரை, கேரட் தின்றால் சரியாகிற மாலைக்கண் இல்லை இது, விழித்திரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிற பரம்பரைக் கோளாறு என்றார். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் குறுகிக்கொண்டு வரும். எவ்வளவு வேகமாக என்பது ஆளுக்கு ஆள் மாறும். மருந்து கிடையாது.

அக்கா, "வெளிச்சத்துல தைக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்போதைக்குத் தைக்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்டதும் அக்கா சந்தோஷமாக என்னைக் கைகாட்டினாள், பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி. பார்வையின் அகலத்தைப் பார்க்கிற மிஷினில் அன்றைக்குக் கூட்டம். எனக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சொன்னாள், "சின்னவருகிட்டச் சொல்லிரு. ஆனா நோயின்னு சொல்லாத. கை ஓடறதில்ல, வயசாச்சுன்னு சொல்லு."

அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. அப்படிச் சொன்னால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். நான் சின்னவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆள்தாங்க, கண்ணுங்க, பகல் வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லீங்க என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அக்காவைத் தையல் லைனிலிருந்து எடுத்து செக்கிங்கில் போட்டார். ஜன்னலோர மேசை, வெள்ளைத் துணி மட்டும், ஒரே ஷிப்ட். சம்பளம் குறைந்தது. ஓவர்லாக் சீட்டில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

"பிரமாதமுங்க. இனி மாசாமாசம் இத ஓட்டிருங்க" என்று சின்னவர் என்னைப் பாராட்டினார். என் ஆராய்ச்சியை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. நன்றி சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நான் ஒருவரிடம்தான் சொன்னேன். ஆனால் கம்பெனியில் ஒருவரிடம் சொன்னது ஒருவரோடு நிற்குமா? சீட்டு மாறிய சில நாட்களில் செக்கிங் மேசை முழுக்க அவள் பெயர் 'மாலைக்கண்ணு' ஆகிவிட்டது. சாயங்கால மணி அடித்து அவள் பையை எடுக்கும்போது, "அக்காவுக்குப் பொழுது போச்சு, வழி உடுங்க" என்று இளவட்டங்கள் சிரிப்பார்களாம். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நான் அவள் வீட்டுக்குப் போனால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கேன்டீனில் என்னைப் பார்த்தால் வேறு பெஞ்சுக்கு மாறுவாள். அவள் வேலையைக் காப்பாற்றியதாக நானும், அவள் மானத்தை வாங்கியதாக அவளும் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டும் நிஜம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் சொன்னதுதான் நியாயம் என்று முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் மாடியில் ஏ.சி. அறையின் கதவு திறந்தது. அக்கா வாசலிலேயே நின்றாள். அந்த அறைக்கு அவள் வந்ததே இல்லை.

"உன்ற டெஸ்டு நாளைக்கு. வர்றயா, டிமிக்கி குடுக்கறயா?"

அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில், "வர்றனுங்க்கா, வர்றனுங்க்கா" என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவள் கோபம் தணிவதற்காக எந்த டெஸ்டுக்கும் போய் உட்காரத் தயாராக இருந்தேன். டெஸ்டைப் பற்றி நினைத்ததெல்லாம் அவ்வளவுதான்.

இருட்டு அறை. வெள்ளையாக ஒரு பெரிய கிண்ணத்தைப் படுக்கவைத்த மாதிரி மிஷின். தாடையை அதற்குள் ஒரு தாங்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் எரிகிற மஞ்சள் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். அங்கும் இங்கும் சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். மின்னும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். மிஷினை ஓட்டிய பெண் சின்ன வயசுக்காரி, பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு.

"கண்ண மட்டும் அசைச்சுராதீங்க்கா. தெரிஞ்சா அமுத்துங்க, போதும்."

வெளிச்சம் மின்னியது, அழுத்தினேன். மின்னியது, அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை, காத்திருந்தேன். மறுபடி இரண்டு மூன்று வந்தன. மறுபடி வெகுநேரம் ஒன்றும் இல்லை. மருத்துவமனையிலும் இந்த வோல்டேஜ் லட்சணம்தானா என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு கண்ணுக்கும் அப்படியேதான். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்ற மிதப்பு எங்கே போனாலும் என்னைவிட்டுப் போகாது. தாடையை எடுத்ததும் அந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொன்னேன்.

"உங்க மிஷினச் சர்வீசுக்கு விடோணுமுங்க. நடுவுல நடுவுல நின்னு நின்னு போகுது பாருங்க."

அவள் பிரிண்டரிலிருந்து தாளை எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க்கா. ஒரு தடவகூட நிக்கலீங்க."

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள், என்னோடு பஸ்ஸில் திரும்பிப் போவதற்காக. ஓரமெல்லாம் கறுத்திருந்த அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன்.